வட்டம் போட்ட வெல்லம்

மண்டியில் தரம் பார்க்கும் தம்பிகளுக்கு,

போன மாதம் ஒரு சந்தை நாளில் மண்டிக்கு வந்திருந்தேன். ஓரமாக நின்றதால் நீங்கள் கவனிக்கவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. உங்களில் ஒருவர் எழுந்து, "வட்டத்தம்மா வண்டி வந்துருச்சு, சிப்பத்த எறக்குங்க" என்று குரல் கொடுத்தார். வண்டியிலிருந்து இறங்கிய அம்மாளின் முகம் மாறவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய பெயர். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கூப்பிட்டவர் மேல் தப்பில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வேலையை விட்டு நின்ற அன்று, உங்களுக்கு உபயோகமாக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நிறம் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, கசிவு பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை எழுதப் போவதில்லை. நான் போட்ட வட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். சந்தைக்குச் சந்தை நாட்குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது இப்போது பக்கத்தில் திறந்திருக்கிறது. ஆகவே கூட்டிக் குறைத்துச் சொல்ல வழியில்லை.

இந்தக் காகிதம் வெளியார் கைக்குப் போனாலும் புரிய வேண்டும் என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். கம்பைநல்லூர் மண்டிக்கு வரும் வெல்லம் பனையோலைப் பாயில் சிப்பமாகக் கட்டி வரும். தரம் பார்ப்பவன் உளியால் ஒரு சில்லு பெயர்த்து, நாக்கின் நுனியில் வைத்து, மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்துத் துப்பிவிட்டு, சிப்பத்தின் மேல் காவிக்கட்டியால் குறி போடுவான். ஒரு கோடு முதல் தரம். இரண்டு கோடு இரண்டாம் தரம். ருசியில் சந்தேகம் இருந்தால் வட்டம். வட்டம் விழுந்த சிப்பம் தனியாக ஒதுங்கும். மத்தியானம் நாக்கு ஆறியபின் நாலைந்து இடத்தில் பெயர்த்து மறுபடி ருசி பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் சேலத்து வியாபாரிகள் வேண்டியதை வாங்கி மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி ஏற்றியிருப்பார்கள். வட்டத்திலிருந்து ஒரு கோட்டுக்கு மாறினாலும் அந்த வெல்லம் கேட்ட விலைக்குத்தான் போகும். வட்டம் போட்ட வெல்லம் என்ற பேச்சும் கூடவே போகும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் ஒரு மண் சட்டி வைத்திருப்பார். துப்புவதற்கு. மத்தியானம் ஆனதும் என் சட்டியை எட்டிப் பார்ப்பார். குறைவாக இருந்தால் திட்டுவார்.

"துப்பறதுதாண்டா நம்ம வேல. முழுங்கறது காசு குடுத்து வாங்கறவன் வேல. முழுங்க ஆரம்பிச்சா நீ தரம் பாக்கல, தின்னுட்டு இருக்கற."

வாலிபத்தில் அதைச் சிக்கனக்காரர் பேச்சு என்று நினைத்தேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின ஐப்பசியில் எனக்கு நீரிழிவு என்று தெரிந்தது. ஓயாத தாகம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. காலில் முள் குத்திய இடம் ஒரு மாதமாக ஆறவில்லை. தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டுகள் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சாறு தெளியப் போடும் சுண்ணாம்பு மிஞ்சினால் பாகு அந்த நிறத்தில்தான் இறங்கும். என்னிடம் வந்திருந்தால் இரண்டு கோடு போட்டிருப்பேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"வெல்லம் ருசி பாக்கற வேலைங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஆளுக்கு நல்ல வேலதான் குடுத்திருக்கான் ஆண்டவன். முழுங்குவீங்களா?"

"இல்லீங்க. துப்பிடுவேன்."

அது பொய். பெரிய பொய்யாக அப்போது தோன்றவில்லை. அதற்கு முன்பே பல வருஷங்களாக நான் பாதியைத் துப்பி, பாதியை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் நம்பி, வேலையை விடச் சொல்லாமல், சாப்பாட்டை மட்டும் மாற்றச் சொன்னார். இனிப்பு அறவே கூடாது. அரிசி ஒரு வேளை, அதுவும் அளவோடு.

வீட்டில் என் மனைவி அதைச் சட்டமாகவே ஆக்கினாள். ராகிக் களி, கீரை, கொள்ளு ரசம், மோர். காப்பியில் சர்க்கரை கிடையாது. நான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சாப்பிட்டேன். கல்யாண வீடுகளில் இலையில் விழ வந்த கேசரியைக் கை நீட்டித் தடுத்து, நாலு பேர் காதில் விழும்படி "எனக்கு ஆகாதுங்க" என்பேன். "மனுசன்னா இப்பிடி இருக்கணும் பாரு" என்று ஊரில் என்னைக் காட்டி மற்ற நீரிழிவுக்காரர்களுக்குப் புத்தி சொன்னார்கள். அந்தப் புகழும் எனக்கு இனித்தது.

இனிப்பு கிடைக்கக்கூடிய இடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது என் வேலை.

அந்த ஆசை எப்படிப்பட்டது என்பதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்கு இந்த நோய் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பசி போல வயிற்றில் தோன்றாது. நாக்கின் அடியில் நீர் சுரக்கும். விரல் நுனியில் ஒரு சின்ன நடுக்கம். காது யார் பேசுவதையும் பாதிதான் கேட்கும். ஆசை நம்மிடம் கெஞ்சாது, அதட்டாது. நியாயம் பேசும். எனக்கு அது சொன்ன நியாயம்: "நீ தின்னவில்லை, வேலை பார்க்கிறாய்."

மாரப்பன் என்று ஒரு விவசாயி. ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் இரண்டு ஏக்கர் கரும்பு. அவருடைய வெல்லம் அந்த வட்டாரத்திலேயே நயமானது. பொன் நிறம். தட்டினால் கணீரென்று உடையும். யுத்தம் தொடங்கிய பின் வந்த தை மாதம், பொங்கல் கழிந்த முதல் சந்தையில் அவருடைய சிப்பத்தைப் பெயர்த்து வாயில் வைத்தேன். விழுங்கினேன். இன்னொரு சில்லு எடுத்தேன். அதையும் விழுங்கினேன். மூன்றாவதற்குக் கை போனபோது தராசுக்கார முனுசாமி என்னைப் பார்த்தான். ஒரு சிப்பத்துக்கு மூன்று சில்லு எடுக்கும் வழக்கம் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"என்னமோ சந்தேகமா இருக்கு" என்றேன். காவிக்கட்டியை எடுத்து வட்டம் போட்டேன்.

மத்தியானம் அந்தச் சிப்பத்தை மறுபடி ருசி பார்க்கும் உரிமை எனக்கு வந்தது. உரிமைகூட இல்லை, கடமை. ஐந்து சில்லு பெயர்த்தேன். ஐந்தையும் விழுங்கினேன். பிறகு வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்து முதல் தரம் ஆக்கினேன். சேலத்துக்காரர்கள் அதற்குள் போயிருந்தார்கள்.

அடுத்த வாரமும் மாரப்பன் வெல்லத்துக்கு வட்டம் போட்டேன். அதற்கடுத்த வாரமும். மற்ற சிலருடைய சிப்பங்களுக்கும் போட்டேன். நோய் வருமுன் ஒரு பருவத்தில் என் வட்டங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இப்போது ஒரே மாதத்தில் விரல்கள் போதவில்லை. மண்டிக்காரர் அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு, "நம்ம ஆளு கண்ணுல வெளக்கெண்ண ஊத்திட்டுப் பாக்கறாருங்க" என்று வியாபாரிகளிடம் பெருமையாகச் சொன்னார்.

முனுசாமி ஒரு நாள் என் சட்டியைக் கழுவ எடுத்தவன், உள்ளே பார்த்துவிட்டு, "ஐயா, சட்டி காஞ்சு கெடக்குதுங்க. ஒங்களுக்கு எச்சிலே ஊறறதில்லீங்களா?" என்று கேட்டான். வேடிக்கைக்குத்தான் கேட்டான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வட்டத்துக்கு அடுத்த சந்தையில் மாரப்பன் தனியாக வரவில்லை. அவருடைய தங்கை பச்சியம்மாள் கூட வந்தார். புருஷன் தவறியபின் அண்ணன் வீட்டோடு இருந்தவர். அப்போது முப்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்தில் வெல்லக் கொப்பரையில் பதம் பார்த்து இறக்குவது ஆண்கள் வேலை. அந்த வீட்டில் மட்டும் பச்சியம்மாள்தான் பதம் பார்ப்பார். அவர் கைக்கு அது அப்படி அமைந்திருந்தது. அதனால்தான் வட்டம் விழுந்ததும் ஊரில் அவர் கையைக் குறை சொல்லும் பேச்சும் சீக்கிரம் கிளம்பியிருந்தது.

வண்டியிலிருந்து அவர்கள் சிப்பம் இறங்கியது. பெயர்த்தேன், ருசி பார்த்தேன், வட்டம் போட்டேன். அந்த அம்மாள் நேராக என் மணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தரம் பாக்கற ஐயா நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"இதோட நாலு வட்டங்க. கருப்பு இல்லீங்க, கசிவு இல்லீங்க. என்ன கொறன்னு சொன்னீங்கன்னா அடுப்புலயே சரி பண்ணிக்குவேன். வட்டத்துக்கு என்ன மருந்துங்க போடறது?"

மாரப்பன் பின்னாலிருந்து அதட்டினார். "ஏ பச்சி, பேசாம வா. பெரியவங்க நாக்கு பொய் சொல்லுமா?"

"நான் பொய்னு சொல்லலியே அண்ணா. என்னன்னுதான் கேக்கறேன்."

முனுசாமி தராசைப் பிடித்தபடியே, "எங்க ஐயா நாக்கு கலெக்டர் கையெழுத்து மாதிரி தாயி. போட்டாப் போட்டதுதான்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று சேலத்து வியாபாரிகள் இரண்டு பேர் இன்னும் புறப்படாமல் நின்றிருந்தார்கள். மண்டிக்காரரும் எழுந்து வந்துவிட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"உப்பு" என்றேன்.

இனிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கக்கூடியது அது ஒன்றுதான். கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

"உப்பா?" என்றார் பச்சியம்மாள். "கரும்புக்குப் பாயற கேணித் தண்ணியிலதானுங்க எங்க வூட்டுல கஞ்சி காச்சறோம். சரி, இருங்க."

மடியை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சின்னச் சின்னப் பச்சை இலைகள். "சித்தேரி மலக்காரங்க சந்தைக்குக் கொண்டாரதுங்க, சிறுகுறிஞ்சான் தழ. இத மென்னா ஒரு மணி நேரத்துக்கு இனிப்புங்கறதே நாக்குக்குத் தெரியாது. ஆனா உப்பு தெரியும், புளிப்பு தெரியும். பாகு பாத்துப் பாத்து நாக்கு மரத்துப் போச்சுன்னா நான் இத மென்னுட்டுத்தான் உப்புப் பாப்பேன்."

இரண்டு இலையை வாயில் போட்டு மென்றார். வாயைக் கொப்பளித்தார். என் உளிக்குப் பக்கத்தில் கிடந்த சில்லை எடுத்து நாக்கில் வைத்தார்.

"மண்ணத் திங்கற மாதிரி இருக்குதுங்க. உப்பு இல்ல." இன்னும் இரண்டு இலையை என் முன்னால் நீட்டினார். "நீங்களும் மெல்லுங்க. உப்பு இருந்தா நானே சொல்றேன், ரெண்டு கோடு போடுங்க. வாயத் தொறக்காமப் போறேன்."

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது, அகப்பட்டுக்கொள்வேனோ என்ற பயம் அல்ல. அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்த எண்ணம் இது: மென்றால் இன்று மத்தியானம் எனக்கு இனிப்பு இருக்காது.

தம்பிகளே, இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது.

"இன்னும் இருவது சிப்பம் பாக்கணும்மா. நாக்கு செத்துப் போனா மத்தவங்க கதி என்னாகறது?" என்றேன்.

கேட்க நியாயமாக இருந்தது. மண்டிக்காரர் தலையை ஆட்டினார். வியாபாரிகளும் ஆட்டினார்கள். மாரப்பன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தார். பச்சியம்மாள் அந்த இரண்டு இலைகளையும் என் மணையோரம் உளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரிங்க. வேல முடிஞ்சதும் மெல்லுங்க."

அவர் திரும்பி நடந்ததும் மூட்டை இறக்குகிறவன் ஒருவன், "வட்டத்தம்மாவுக்குக் கோவத்தப் பாருங்கடோய்!" என்று கத்தினான். மண்டியே சிரித்தது. பெயர் அப்போது பிறந்ததுதான். நானும் சிரித்தேன். அதை அன்றைய நாட்குறிப்பில் எழுதவில்லை. இப்போது ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை என் மனைவி துவைக்க எடுத்த சட்டையோடு வந்தாள். பையைச் சுற்றி எறும்பு. உள்ளேயிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். மாரப்பன் வெல்லத்தில் நாலு சில்லுகள், வாடிப்போன இரண்டு இலைகள். அவள் கத்தவில்லை.

"வூட்டுல சக்கர டப்பாவ ஒளிச்சு வெச்சேன். ஒங்கள எங்க கொண்டுபோயி ஒளிச்சு வெக்கறது?" என்றாள். சர்க்கரை போடாத காப்பியை எப்போதும் போல் எனக்கு எதிரில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் அந்த இலைகளை மென்றேன். கசந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சில்லை நாக்கில் வைத்தேன். இருபது வருஷமாக என் பிழைப்பாக இருந்த பொருள், கரையும் மணலாக நாக்கில் கிடந்தது. இனிப்பு இல்லை. உப்பும் இல்லை.

வாய் அப்படி இருக்கும்போதே மண்டிக்கு ஓடினேன். ஒவ்வொரு சிப்பத்திலிருந்தும் ஒரு துண்டைப் பெயர் எழுதி ஜாடியில் போட்டு வைப்போமே, அவற்றை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தேன். நான் ஒரு கோடு போட்ட வெல்லங்களில் இரண்டு சுருக்கென்று உப்புக் கரித்தன. அவற்றை இனிப்போடு விழுங்கி முதல் தரம் என்று சேலத்துக்கு அனுப்பியிருந்தேன். இனிப்பு இல்லாமல் என்னால் தரம் பார்க்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான். உண்மையில் என் நாக்கை மறைத்துக்கொண்டிருந்ததே அந்த இனிப்புதான்.

பிறகு நாட்குறிப்பை எடுத்து அந்தப் பருவத்து வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லா வட்டங்களும் நயம் வெல்லத்தின் மேல். கறுத்தது, கசிந்தது, அடிபிடித்தது எதன் மேலும் ஒரு வட்டம் இல்லை. சந்தேகம் என்றால் மட்டமான சரக்கின் மேலும் வந்திருக்க வேண்டாமா? என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த சந்தையில் சரியாகக் குறி போட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த சந்தையில் மாரப்பன் சிப்பத்தைப் பெயர்த்தேன். செங்கல் நிறம். சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது.

"தங்கச்சி கை கெட்டுப் போச்சுங்க" என்றார் மாரப்பன். "நாலு வட்டம் வாங்கின கைய நம்பிக் கொப்பரைய விடலாங்களா? பாலக்கோட்டுப் பக்கத்துலருந்து ஆள் வெச்சிருக்கேன்."

மண்டிக்காரர் பக்கத்தில் இருந்தார். நான் இரண்டு கோடு போட்டேன். அது சரியான குறி. ஒரு சரியான குறி போட்டு அவ்வளவு கேவலமாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

மறுநாள் காலை அவர்கள் ஊருக்கு நடந்தே போனேன். கரும்பு ஆட்டும் ஆலை சுற்றிக்கொண்டிருந்தது. கொப்பரை பக்கத்தில் புது ஆள் நின்றான். பச்சியம்மாள் கீழே அடுப்புக் குழியில் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சாம்பல். கொப்பரையில் ஆட்சி செய்த கைக்கு இப்போது குழி. மேலே ஏறிவந்து என்னை வரவேற்கவில்லை, தள்ளுவதையும் நிறுத்தவில்லை.

மாரப்பனிடம் சொன்னேன். "ஒங்க வெல்லத்துல உப்பும் இல்ல, ஒரு கொறையும் இல்ல. ஒங்க தங்கச்சி பதத்துலயும் கொறையில்ல. நான் போட்ட வட்டம் தப்பு."

அவர் சுற்றிலும் கையைக் காட்டினார்.

"இங்க வந்து சொல்றீங்க. இங்க இருக்கற கரும்புக்குத்தானுங்க கேக்கும். சந்தையில போட்ட வட்டத்த சந்தையில அழிங்க."

பச்சியம்மாள் இன்னொரு கை சக்கையை அடுப்புக்குள் தள்ளினார்.

அடுத்த சந்தை நாளில் சேலத்துக்காரர்கள் வந்தபின் எழுந்து நின்றேன். மண்டிக்காரர் கணக்குப் பலகையிலிருந்து நிமிர்ந்தார். மாரப்பன் தங்கையோடு வந்திருந்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்: "எனக்கு நீரிழிவு இருக்குதுங்க. அந்த நோயால நாக்கு தப்பாச் சொல்லிருச்சு. மாரப்பன் வூட்டு வெல்லத்துக்குப் போட்ட நாலு வட்டமும் தப்பு. அது ஒரு கோட்டு வெல்லம்."

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மண்டிக்காரர் என் தோளில் கை வைத்து, "ஒடம்பு முடியாமயா இத்தன நாள் ஒழைச்சீங்க?" என்றார். ஒரு வியாபாரி எனக்கு மோர் வாங்கி வரச் சொன்னார். உண்மை சொன்னதற்காகப் பாராட்டினார்கள். அந்த வாரமே மாரப்பன் புது ஆளை அனுப்பிவிட்டுத் தங்கையைக் கொப்பரைக்கு ஏற்றினார். எல்லாம் சுபமாக முடிந்தது போல் இருந்தது.

பச்சியம்மாள் மட்டும் போகும்போது என் மணைக்கு முன்னால் நின்றார். மெதுவாகத்தான் பேசினார்.

"நோய்னு சொன்னீங்க. வார்த்தையில எட கொறையுதுங்க ஐயா. அன்னிக்கு நான் தழைய நீட்டறப்ப ஒங்க கண்ணு தழையப் பாக்கல. வெல்லத்தப் பாத்துச்சு."

அதன்பின் ஒவ்வொரு சந்தைக்கும் அவர்கள் வண்டி வரும்போது முதல் சிப்பத்தின் கட்டில் ஒரு சின்ன இலைப் பொட்டலம் சொருகியிருக்கும். மென்றுவிட்டுத்தான் மணையில் உட்கார்வேன். என் சட்டி அதற்கப்புறம் காய்ந்து கிடந்ததில்லை. விழுங்க என்ன இருக்கிறது, மணலா?

அந்த மாதமே தர்மபுரிக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. குழாயைக் காய்ச்சினார், நிறத்தைப் பார்த்தார். "இலை ஒங்க நோயத் தீர்க்கும்னு நெனச்சுக்காதீங்க. அது நாக்க ஒரு மணி நேரம் கட்டும். மிச்ச இருவத்து மூணு மணி நேரமும் நீங்கதான் கட்டணும்" என்றார். அப்படியே கட்டப் பழகினேன். ஆனாலும் நோய் தெரிந்த பின்னும் ஒன்றரை வருஷம் விழுங்கியது சும்மா போகவில்லை. என் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லாததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வண்டிச் சக்கரம் ஏறியது என்று உங்களில் யாரிடமோ சொன்னேன். அதுவும் பொய்.

நோய் வந்திருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் இது. ஆசை வந்த நேரத்தை எழுதி வையுங்கள். நான் ஒரு வருஷம் எழுதினேன். பட்டினியோடு மணையில் உட்கார்ந்த நாளிலெல்லாம் பதினோரு மணிக்குத் தவறாமல் வந்தது. களியும் கீரையும் தின்றுவிட்டு வந்த நாளில் பாதிதான் வந்தது. யாராவது என்னை அவமானப்படுத்திய அன்று வயிறு நிறைந்திருந்தாலும் வந்தது. வந்தால் எழுந்து கிணற்றடி வரை நடந்து போய் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் அது போய்விட்டிருக்கும். போகாவிட்டால் இன்னொரு நடை. வீட்டில் இருப்பவர்களிடம் மறைக்காதீர்கள். தோற்ற அன்று தோற்றேன் என்று சொல்லிவிட்டால் மறுநாள் எழுந்து நடக்கலாம். கல்யாண வீட்டில் உரக்க வேண்டாம் என்று சொல்லிப் பேர் வாங்காதீர்கள். பேர் வாங்கியவன் அதைக் காப்பாற்றத் திருட வேண்டிவரும்.

உங்கள் எல்லோருக்கும் ஒன்று. கையில் காவிக்கட்டி இருக்கும்போது, சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று முதலில் பாருங்கள். லாபம் இருந்தால் அது சந்தேகம் அல்ல.

இனி நான் கேட்க வந்தது. போன மாதம் மண்டிக்கு வந்தது சும்மா வேடிக்கை பார்க்க அல்ல. இதையெல்லாம் நானே எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பெயரை உங்கள் வாயால் கேட்டதும் திரும்பிப் போய்விட்டேன். ஆகவே எழுதித் தருகிறேன். அடுத்த சந்தை நாளில், ஆற்றுப் பக்கத்து வண்டி வந்து நின்றபின், சேலத்துக்காரர்கள் புறப்படுமுன், உங்களில் குரல் நன்றாக உள்ள ஒருவர் இதை உரக்கப் படியுங்கள். அன்று நான் நோய் என்று சொன்ன இடத்தில் ஆசை என்று படியுங்கள். குறைந்த எடை அதுதான்.

நான் தராசுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி நிற்பேன். படித்து முடித்ததும், "பச்சியம்மா வண்டி வந்துருச்சு" என்று குரல் கொடுத்துச் சிப்பத்தை இறக்குங்கள். வட்டம் என்னுடையது. யாரையாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வேண்டுமென்றால், நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.